பென்குயின்களை ஊரைவிட்டு அப்புறப்படுத்தினால் பிழைத்துக்கொள்ளுமா?

கேள்வி இதுதான்: தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் சைமன்ஸ் டவுனில் பென்குயின்கள் தெருவிலும் வீட்டுத் தோட்டத்திலும் நடமாடுகின்றன. அழியும் தறுவாயில் இருக்கும் இனம் என்கிறார்கள். நாய், கார், சுற்றுலாக் கூட்டம் என்று இத்தனை இடைஞ்சல் நடுவே ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள்? ஆளில்லாத தீவுக்குக் கொண்டுபோய் விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

நேராகச் சொல்லிவிடுகிறேன்: பிழைக்காது. அதைவிட முக்கியமான விஷயம், இந்தப் பறவை மிக மோசமாகக் குறைந்திருப்பதே தீவுகளில்தான். ஊரை ஒட்டி வாழும் கூட்டம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் இன்னும் தாக்குப்பிடித்து நிற்கிறது. கேட்பதற்கு முரணாக இருக்கிறது, தெரியும். கடற்பறவைகளைப் பற்றிப் பல வருடமாகப் படித்துவருகிறேன், அந்த ஊருக்கு இரண்டு முறை போய்த் தங்கியும் இருக்கிறேன். அங்கே முதல் நாள் காலையில் பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன், விளங்கும்.

டிசம்பர் மாதம். நமக்கு மார்கழிக் குளிர் தொடங்கும் நேரம், அங்கே கோடை. தங்கியிருந்த வீட்டுக்கு எதிரே கார் நிறுத்துமிடத்தில் ஒரு பலகை: வண்டியை எடுக்கும் முன் அடியில் பென்குயின் இருக்கிறதா பாருங்கள். பயணிகளை மகிழ்விக்க வைத்த பலகை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார், கையில் சாவியோடு சடாரென்று குனிந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். நாம் வாசலில் செருப்பைத் தட்டிப் போடுவது போல, யோசிக்காமல் வரும் பழக்கம். பிறகு என்னைக் கையால் சைகை காட்டிக் கூப்பிட்டார். பின்சக்கரத்தை ஒட்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

தலையணை பிய்ந்தது போல இருந்தது அதன் உடம்பு. பழைய இறகு பழுப்பேறிக் கொத்துக் கொத்தாகத் தொங்க, அடியிலிருந்து புதிய இறகு பளபளவென்று தெரிந்தது. சுற்றிலும் தரையில் வெள்ளைத் தூவல். கண்ணுக்கு மேலே இருக்கும் ரோஜா நிறத் தோல் அந்த வெயிலில் நன்றாகச் சிவந்திருந்தது. அந்த இடத்துக்கு இரத்தத்தை அனுப்பித்தான் இது உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. அசையவில்லை, எங்களைப் பார்த்துப் பயப்படவும் இல்லை. அந்த அம்மா சாவியை மறுபடி உள்ளே வைத்துவிட்டு, அன்று ரயிலில் போனார்.

நோயுற்ற பறவை என்று நினைத்துவிட வேண்டாம். ஆப்பிரிக்கப் பென்குயின் வருடத்துக்கு ஒருமுறை எல்லா இறகையும் மொத்தமாக உதிர்த்துப் புதிதாக முளைக்கவிடும். ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் உடம்பில் நீர் புகாமல் காக்கும் கவசம் கிடையாது, அதனால் கடலில் இறங்க முடியாது, மீன் பிடிக்கவும் முடியாது. முழுப்பட்டினி. உடல் எடையில் கிட்டத்தட்டப் பாதி கரைந்துபோகும். இதற்காகவே முன்கூட்டி வாரக்கணக்கில் கடலில் மேய்ந்து கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு கரைக்கு வரும். பட்டினி முடிந்ததும் உடனே மீன் கிடைக்க வேண்டும். சேர்த்த கொழுப்பு போதவில்லை என்றாலோ, முடிந்தபின் மீன் கிடைக்கவில்லை என்றாலோ, செத்துப்போகும்.

ஆக, காருக்கடியில் நின்ற அந்தப் பறவைக்குக் காரால் வரும் ஆபத்தைக் குனிந்து பார்க்கத் தெரிந்த ஒரு பெண்மணி தடுத்துவிட்டார். அது பிழைக்குமா என்பதோ, ஒரு மாதத்துக்கு முன் கடலில் அதற்கு எவ்வளவு மத்தி மீன் கிடைத்தது என்பதில் முடிவாகிவிட்டிருக்கும். உங்கள் கேள்விக்கான பதிலின் சாரம் இதுதான். ஊரில் என்ன நடக்கிறது என்பது முக்கியம், நிச்சயமாக. ஆனால் இந்த இனத்தைத் தீர்த்துக்கட்டுவது ஊர் அல்ல, கடலில் காலியாகும் இரை.

சரி, அவை ஊருக்குள் எப்படி வந்தன என்பதைப் பார்ப்போம். பென்குயின்களை ஊருக்கு யாரும் கொண்டுவரவில்லை. 1982இல் அந்த ஊரின் பௌல்டர்ஸ் கடற்கரையில் இரண்டே இரண்டு ஜோடிகள் தாமாக வந்து கூடு கட்டின. அதிலிருந்து பெருகி, பின்னாளில் மூவாயிரம் பறவை வரை ஆனது. ஃபால்ஸ் பே என்னும் அந்த விரிகுடாவில் பெரிய வலைபோட்டு மீன் அள்ளுவது குறைந்ததும் இரை கிடைத்ததும் ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பறவைக்குப் பறக்கத் தெரியாது, தரையில் வேகமும் கிடையாது. ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் சிறுத்தை, கராகல் என்னும் காட்டுப்பூனை, கீரி என்று ஏகப்பட்ட வேட்டை விலங்குகள். அதனால்தான் காலங்காலமாகத் தீவுகளை மட்டும் நம்பி வாழ்ந்தது. சைமன்ஸ் டவுனில் கடற்படைத் தளம், ரயில் பாதை, வீடுகள் என்று மனிதர்கள் நெருக்கமாக இருந்ததால் சிறுத்தை அந்தப் பக்கம் இல்லாமல் போயிற்று. ஊரே வேலியாக அமைந்துவிட்டது. சற்றுத் தள்ளி பெட்டிஸ் பேயில் இருக்கும் ஸ்டோனி பாயின்ட் கூட்டமும் இப்படி உண்டானதுதான். அங்கே மலை பக்கம் என்பதால் 2016இல் ஒரு சிறுத்தை புகுந்து முப்பதுக்கும் மேற்பட்டவற்றைக் கொன்றுபோட்டது. வேட்டை விலங்கு எட்டிவிடும் நிலத்தில் பென்குயினின் கதி அதுதான்.

ஊரில் ஆபத்தே இல்லை என்று சொல்லவரவில்லை. 2022இல் சைமன்ஸ் டவுனில் இரண்டு ஹஸ்கி நாய்கள் புகுந்து 19 பென்குயின்களைக் கடித்துக் கொன்றன. கராகல் மலையிலிருந்து இறங்கிவந்து வேட்டையாடிய காலமும் உண்டு. சில கராகல்களைப் பிடித்து வேறிடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். பறவைக் காய்ச்சலும் எட்டிப்பார்த்தது. 2021 செப்டம்பரில் நடந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது: ஒரே இரவுக்குள் 63 பென்குயின்கள் இறந்துகிடந்தன. வெளிக்காயம் எதுவும் இல்லை. பரிசோதித்துப் பார்த்தால் கண்ணைச் சுற்றி, இறகு இல்லாத அந்தக் கொஞ்சம் இடத்தில் மட்டும் தேனீக் கொட்டு. பக்கத்திலேயே இறந்த தேனீக்கள். தேனீயும் அந்த மண்ணுக்குரியது, அதையும் காப்பாற்றத்தான் வேண்டும். யாரைக் குற்றம் சொல்வது?

இந்த மரணங்கள் ஒவ்வொன்றும் செய்தியாகின்றன, படம் வருகிறது, நமக்குப் பதறுகிறது. ஆனால் மொத்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். 1920களில் கேப் டவுனுக்கு வடக்கே உள்ள டாசன் தீவு ஒன்றில் மட்டும் பதினைந்து லட்சம் பறவைகள் வரை இருந்ததாகக் கணிப்பு. 1956இல் முதன்முறையாக முறையாக எண்ணியபோது மொத்தமே ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ஜோடி. இன்று உலகம் முழுவதும் பத்தாயிரம் ஜோடிகூட இல்லை. தென்னாப்பிரிக்காவையும் நமீபியாவையும் விட்டால் இந்தப் பறவை வேறெங்கும் காட்டு வாழ்க்கை வாழவில்லை. 2024 அக்டோபரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவிட்ட இனம் என்ற கடைசிப்படிக்குத் தள்ளியது. அதற்குக் கீழே இருப்பது காட்டில் அற்றுப்போன இனம் என்ற நிலைதான். இப்போதைய வேகத்தில் போனால் 2035 வாக்கில் அந்த நிலை வரும் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். நாயும் தேனீயும் இந்தச் சரிவை உண்டாக்கவில்லை.

உண்டாக்கியவை எவை? மூன்று காலகட்டங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குவானோ என்னும் பறவை எச்சத்தைச் சுரண்டியது. தீவுகளில் ஆயிரக்கணக்கான வருடம் படிந்து, மீட்டர் கணக்கில் உயர்ந்திருந்த எச்சம் உரத்துக்கு நல்ல விலை போயிற்று. 1840களில் கப்பல் கப்பலாக வந்து பாறை தெரியும் வரை அள்ளிப்போனார்கள். அந்த எச்சப் படுகைக்குள்தான் பென்குயின் வளை தோண்டி முட்டையிடும். உள்ளே நிழல், குளிர்ச்சி, கடற்காகத்தின் கண்ணில் படாத மறைவு. அது போனபின் திறந்த தரையில் முட்டை. வெயில் தாங்காமல் தாய் எழுந்து நீர் தேடிப் போனால், கடற்காகம் முட்டையைத் தூக்கிவிடும். இருநூறு வருடத்துக்கு முன் விற்ற உரத்துக்கான விலையை இன்றைய பறவை கட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, முட்டை. தீவுகளிலிருந்து வருடத்துக்கு லட்சக்கணக்கில் எடுத்துச் சாப்பாட்டுக்கு விற்றார்கள். அது நின்றது 1967இல்தான்.

மூன்றாவதுதான் இப்போது நடப்பது. மத்தியும் நெத்திலியும்தான் ஆப்பிரிக்கப் பென்குயினின் சோறு. அதே மீன்களைச் சுருக்குமடி வலை போட்டுத் தொழில்முறையில் பிடிக்கிறார்கள். சுருக்குமடி என்றதும் தமிழ்நாட்டுக் கடலோரத்தில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கூட்டத்தையே வளைத்து, அடியைச் சுருக்கி, மொத்தமாகத் தூக்கும் வலை. அதன்மேல் நம் ஊரில் மீனவர்களுக்குள்ளேயே எத்தனை சண்டை நடந்திருக்கிறது! அங்கே மீனவரோடு போட்டி போடுவது ஒரு பறவை, அதற்குப் பேச வாயில்லை. போதாக்குறைக்கு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மத்திக் கூட்டம் மேற்குக் கரையை விட்டுத் தெற்கும் கிழக்குமாக நகர்ந்துவிட்டது. கடல் வெப்பமும் உப்பும் மாறியது, மேற்கில் அதிகமாகப் பிடித்தது, இரண்டுமே காரணம் என்கிறார்கள். கூடோ நகரவில்லை. குஞ்சு வைத்திருக்கும் பென்குயின் கூட்டிலிருந்து இருபது நாற்பது கிலோமீட்டருக்குள் இரை தேடித் திரும்ப வேண்டும். அதற்கு மேல் போனால் குஞ்சு பட்டினி.

மேற்குக் கரையை ஒட்டிய டாசன், ராபன் தீவுகளைப் பற்றி அண்மையில் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 2004இல் அங்கே இனப்பெருக்கம் செய்த பறவைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் அடுத்த எட்டு ஆண்டுகளில் இறந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இறகு உதிர்க்கும் காலத்தை ஒட்டிய பட்டினி. மத்தி வற்றிக்கிடந்த அதே வருடங்கள் அவை. காருக்கடியில் நின்றதே ஒரு பறவை, அதே இறகு உதிர்க்கும் நிலையில்தான்.

இனி இடமாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் யோசனையை 2000ஆம் ஆண்டு நிஜமாகவே செய்து பார்த்துவிட்டார்கள், வேறொரு நோக்கத்தில். அந்த ஜூன் 23 அன்று ட்ரெஷர் என்ற இரும்புத்தாதுக் கப்பல் டாசனுக்கும் ராபனுக்கும் நடுவே மூழ்கி எண்ணெய் கொட்டியது. பத்தொன்பதாயிரம் பென்குயின்கள் எண்ணெயில் குளித்தன. சான்காப் என்னும் கடற்பறவை மீட்பு நிறுவனம் 1968 முதல் இயங்குகிறது. அதன் தலைமையில் ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒரு பழைய ரயில்வே கிடங்கில் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள், வாயைத் திறந்து மீன் ஊட்டினார்கள். பத்தில் ஒன்பது பறவை பிழைத்துக் கடலுக்குத் திரும்பியது. உலகில் அதற்கு இணையான பறவை மீட்பு நடந்ததில்லை என்றே சொல்வேன்.

எண்ணெய் படாத இன்னொரு பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் பறவைகளை என்ன செய்வது? அழுக்குக் கடலில் அவையும் இறங்கிவிடுமே? பெட்டிகளில் அடைத்து, லாரியில் ஏற்றி, சுமார் 800 கிலோமீட்டர் கிழக்கே போர்ட் எலிசபெத் பக்கம் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். மூன்று பறவைகளுக்கு பீட்டர், பமேலா, பெர்சி என்று பெயரிட்டு முதுகில் செயற்கைக்கோள் கருவி ஒட்டியிருந்தார்கள். தேசமே அவற்றின் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு மூன்று வாரத்தில் நீந்தி வீடு வந்து சேர்ந்தன. அதற்குள் கடலைச் சுத்தப்படுத்தியும் விட்டார்கள். உண்மையில் அவை திரும்பி வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் திட்டமே போட்டார்கள்.

வளர்ந்த பென்குயினை எங்கே கொண்டுபோய் விட்டாலும் அது தன் கூட்டுக்குத்தான் வரும். போன வருடத்து ஜோடியும் அங்கேதான் காத்திருக்கும். புது இடத்தில் கூட்டம் உண்டாக்க வேண்டுமென்றால் கூடு கட்டிப் பழகாத இளம்பறவைகளைக் கொண்டுதான் முடியும். டி ஹூப் இயற்கைக் காப்பகத்தில் அந்த முயற்சி நடக்கிறது. இப்போது மீன் இருக்கும் தெற்குக் கரை அது. 2003இல் சில பென்குயின்கள் தாமாகவே அங்கே போய்க் கூடு கட்டிப் பார்த்து, கராகல் தொல்லையால் கைவிட்டுப் போயிருந்தன. இப்போது நிலப்பக்கம் வேலி போட்டு, கான்கிரீட்டில் பென்குயின் பொம்மை செய்து நிறுத்தி, ஒலிபெருக்கியில் கூட்டத்தின் சத்தத்தை ஒலிக்கவிட்டு, 2021 முதல் சான்காப் வளர்த்த குஞ்சுகளை அங்கே கடலில் விடுகிறார்கள். குஞ்சு பொரித்தும் விட்டது. அருமையான வேலை, முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எண்ணிக்கை மிகச் சிறியது. பல வருடம் பொறுத்திருக்க வேண்டிய முயற்சி.

இப்போதைக்குப் பெரிய நம்பிக்கை தருவது ஒரு நீதிமன்ற உத்தரவு. ஆறு முக்கியக் கூட்டங்களைச் சுற்றிய கடலில் மீன்பிடிக்குப் போட்டிருந்த தடை பெயரளவில்தான் இருந்தது. பென்குயின் இரை தேடும் இடத்துக்கும் தடை எல்லைக்கும் பல இடங்களில் பொருத்தமே இல்லை. பேர்ட்லைஃப் சவுத் ஆஃப்ரிக்கா என்னும் பறவைப் பாதுகாப்பு அமைப்பும் சான்காப்பும் 2024 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சர் மேல் வழக்குத் தொடர்ந்தன. 2025 மார்ச் 18 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் தரப்புகளின் உடன்பாட்டை உத்தரவாக்கியது. டாசன், ராபன், ஸ்டோனி பாயின்ட், டையர், செயின்ட் குரோய், பேர்ட் ஆகிய ஆறு இடங்களைச் சுற்றிப் பத்து ஆண்டுகளுக்கு மத்தியும் நெத்திலியும் தொழில்முறையில் பிடிக்கத் தடைப்பகுதிகள் முடிவாயின. மீன்பிடித் தொழில் தரப்பும் கையெழுத்திட்ட உடன்பாடு அது என்பதை அழுத்திச் சொல்கிறேன். மீனவரை எதிரியாக்கி இந்தப் பறவையைக் காப்பாற்ற முடியாது.

இவ்வளவும் கடல் கதை. கரையில் செய்வது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்தாயிரம் ஜோடிக்கும் கீழே இறங்கிவிட்ட இனத்தில் ஒவ்வொரு முட்டையும் கணக்கு. தேசியப் பூங்காத் துறையும் கேப் டவுன் மாநகராட்சியும் சைமன்ஸ் டவுனில் பென்குயின் கண்காணிப்பாளர்களை வைத்திருக்கின்றன. சாலைக்கு வந்ததைத் திருப்பி விடுவது, காயம்பட்டதைச் சான்காப்புக்கு அனுப்புவது எல்லாம் அவர்கள் வேலை. ஓரமாக வேலி, மக்கள் நடக்க மரப்பலகைப் பாதை, புதருக்குள் நிழலுக்காகச் செயற்கைக் கூடுகள். பெற்றோர் இறகு உதிர்க்கும் காலம் வந்தும் குஞ்சு வளர்ந்து முடியவில்லை என்றால் அதைக் கைவிட்டுவிடும், வேறு வழியில்லை, பட்டினி தொடங்கிவிட்டது. அந்தக் குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்துக் கடலில் விடும் திட்டம் 2006 முதல் நடக்கிறது.

ஊர்க்காரர்கள் பாடு எளிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் பறவைக்குக் கழுதைப் பென்குயின் என்று ஒரு பெயர். ராத்திரி இரண்டு மணிக்குச் சன்னலுக்கு வெளியே கத்தினால்தான் அந்தப் பெயரின் நியாயம் புரியும். தோட்டத்தைத் தோண்டும், எச்சத்தின் மீன் நாற்றம் துணியில் ஏறும். ஆரம்பத்தில் நிறையப் பேர் புகார் செய்தார்கள், வேலி வந்ததே அதற்குப் பிறகுதான். எனக்கு இடம்கொடுத்த அம்மாவின் வேலியோரப் பூச்செடிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கேட்டதற்கு, “அந்த மூலையை அவங்களுக்கே விட்டுட்டேன், எனக்கு முன்பக்கம் போதும்” என்றார்.

நீங்கள் அங்கே போவதாக இருந்தால்: பாதையை விட்டு இறங்காதீர்கள், தொடாதீர்கள், ஊட்டாதீர்கள். அலகு கத்தி போல, விரலைப் பதம் பார்த்துவிடும். ஒரு படத்துக்காக நெருங்கினால் முட்டைமேல் இருக்கும் பறவை எழுந்துவிடும், கடற்காகத்துக்கு அந்த அரை நிமிடம் போதும். கூட்டம் வடிந்த மாலை நேரத்தில் மரப்பாதையில் நில்லுங்கள். கடலுக்குப் போனவை ஐந்தும் பத்துமாகக் கரையேறும், உடம்பை உதறிக்கொண்டு மணலில் நடந்துவரும். அடிவயிற்றைப் பாருங்கள். சில நாட்களில் உருண்டு திரண்டு, நடக்கவே சிரமப்பட்டு வரும். புதருக்குள்ளிருந்து பழுப்பு நிறக் குஞ்சு ஓடிவந்து அலகின் ஓரத்தைத் தட்டும். தாய் குனிந்து கக்கி ஊட்டும். சில நாட்களில் வயிறு ஒட்டிப்போய் வரும். அன்றும் குஞ்சு அதே மாதிரி ஓடிவந்து, விடாமல் தட்டிக்கொண்டே இருக்கும்.